தீராத போத்தல்

2024 யூன் 3, திங்கள்

சோறு தின்ற பிறகு வலது விலாவுக்குக் கீழே குத்தியது. நேற்றுத் தின்ற பொரித்த மீனுக்கு நேற்றே குத்தி முடித்திருக்கலாம். இன்றைக்கும் மிச்சம் வைத்திருக்கிறது.

என் புருசனுடைய மருந்துப் போத்தலை எடுத்து, அரைக் கோப்பைத் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் குடித்தேன். ஈரலுக்கும் சமிபாட்டுக்கும் அருமையான மருந்து. எவ்வளவு அருமை என்று சுவரில் இருக்கிற அவருடைய படத்தைப் பார்த்தாலே தெரியும். மாலை போட்டு மூன்று மாதமாகப் போகிறது.

இந்தக் கொப்பி மகள் தனுஷியாவினுடையது. கொழும்பில் கடை வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள். பாதிக்கு மேல் வெறும் தாள். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் பின்னேரங்களில் ஒரு மனுசனை ஏசிப் பழகிவிட்டேன். ஆள் போனாலும் வாய் நிற்கவில்லை. சுவரோடு பேசினால் அடுத்த வளவு நிருஷா எட்டிப் பார்க்கிறாள். கொப்பியோடு பேசினால் நான் படிக்கிறேன் என்று நினைத்து மரியாதை வைப்பாள்.

யூன் 4

மகள் போன் எடுத்தாள். "ஸ்கான் ஒண்டு எடுங்கம்மா" என்றாள். "ஓம்" என்றேன். இன்றைய வேலை முடிந்தது.

யூன் 11, செவ்வாய்

அந்த மருந்து வீட்டுக்கு வந்த கதையை எழுதி வைக்கிறேன்.

போன வருடம் ஆவணியில் அவருக்கு வயிறு ஊதத் தொடங்கியது. கால் வீங்கியது. கண் மஞ்சளாகியது. களுவாஞ்சிக்குடிச் சந்தையில் யாரோ காத்தான்குடி ஹில்மி டொக்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஹோமியோபதி. வெட்டு இல்லை, ஊசி இல்லை, சொட்டு மருந்து மட்டும். வாவியில் முதலையைக் கண்டாலும் தோணியைத் திருப்பாத மனுசன், ஊசியைக் கண்டால் ஓடுவார். அடுத்த நாளே பஸ் ஏறினார். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வேணாம் புள்ள. நீ வந்தா எல்லாத்தையும் சொல்லிப்போடுவாய்."

எல்லாத்தையும் என்றால், பின்னேரத்துக் கால் போத்தல் சாராயத்தை. டொக்டரிடம் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான் என்று எனக்கே தெரியும், படிக்காத எனக்கு.

வரும்போது கையில் ஒரு போத்தல், ஒரு கடுதாசி. போத்தலில் ஒட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார், பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்த மனுசன் அல்லவா. செலிடோனியம். குளிர் நாட்டுச் செடியாம். மஞ்சள் பூவாம். தண்டை முறித்தால் மஞ்சள் பால் வடியுமாம். மஞ்சள் கண்ணுக்கு மஞ்சள் பால். அதை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு எடுக்கிறதாம். எங்கள் வேலியோரம் கீழ்க்காய்நெல்லி சும்மா முளைத்துக் கிடக்கிறது. அது கப்பலில் வரவில்லை, ஆனபடியால் மருந்தில்லை.

பிறகு கடுதாசியை விரித்தார். அதுவும் இங்கிலிஷ்.

"இது பத்தியம். டொக்டர் வடிவா எழுதித் தந்திருக்கார். வாசிக்கிறன், கேளு."

விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். வெங்காயம் கூடாது. கோப்பி கூடாது. கற்பூரம் மணக்கவும் கூடாது. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"நண்டு நல்லம். கிழமைக்கு ரெண்டு தரம்."

"நண்டா? ஈரலுக்கா?"

"வாவி நண்டு எண்டுதான் போட்டிருக்கு. கடல் நண்டு சூடாம்."

"அதையுமா எழுதியிருக்கார்?"

"காத்தான்குடி ஆள் புள்ள. வாவி நண்டு தெரியாமலா இருப்பார்?"

ஆறு மாதம் வெங்காயம் போடாமல் நண்டு ஆக்கினேன். அவர் மூக்கைச் சுளிப்பார். "மருந்தெண்டு நினைச்சுத் தின்னுங்க" என்பேன். ஒரு கிழமைகூடத் தவறவிடவில்லை. வெள்ளிக்கிழமை சாமிக்குக் கற்பூரமும் கொளுத்தவில்லை. அவரோடு சேர்த்து சாமியும் ஆறு மாதம் பத்தியம் காத்தது.

யூன் 19, புதன்

நிருஷா கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப் பாலில் கலக்கிக் கொண்டு வந்தாள்.

"மாமி, இத வெறும் வயித்தில குடிங்க. மாமாக்கும் இதத்தான் குடுக்கச் சொன்னன். நீங்க கேக்கல்ல."

"ஓம் புள்ள. கேட்டிருந்தா இப்ப மாமாவும் இதில குந்தியிருந்து உன்ட கதையக் கேட்டுக்கொண்டிருப்பார். தப்பிட்டார்."

அவள் சிரிக்கவில்லை. பாவம், நல்ல பிள்ளை. பாதியைக் குடித்தேன். மிச்சத்தைச் செவ்வரத்தைப் பூச்செடிக்கு ஊற்றினேன். செவ்வரத்தைக்கு இன்றுவரை ஈரல் நோய் இல்லை.

அவருடைய மருந்தை நினைத்தால் ஒரு புதினம். பத்துச் சொட்டு என்று தொடங்கினார். பிறகு ஒரு தேக்கரண்டி என்றார். பிறகு ஒரு மூடி என்றார். அளவு கூடக் கூடப் போத்தல் குறையவில்லை. டொக்டரிடம் போய் நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்பார். நடக்க ஏலாமல் பாயில் கிடந்த காலத்தில் அவருடைய தம்பி உதயரூபன் நிரப்பிக்கொண்டு வந்தான். மருந்து வேலையும் செய்யவில்லை, தீரவுமில்லை. இப்படி ஒரு பாத்திரத்தில் அரிசி இருந்தால் நல்லது.

கேட்டால் சொல்லுவார், "இது ஈரலைக் கழுவுற மருந்து புள்ள." காலையில் கழுவினால் பின்னேரம் ஊத்தையாக்கலாம். சட்டை மாதிரி. நான் தினமும் சட்டை தோய்க்கிறவள். எத்தனை தோய்த்தாலும் ஒரு நாள் சட்டை கிழியும் என்று அவருக்குச் சொல்லித் தந்திருக்கலாம்.

யூலை 2, செவ்வாய்

இன்று குத்தவில்லை. அதனால் வேறொன்று குத்தியது.

மாசி மாதம் இரத்தமாகச் சத்தி எடுத்தார். நிருஷாவின் மாப்பிள்ளையுடைய ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு பெண் டொக்டர், மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும், அவருடைய கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் அம்மா முந்திக் கொண்டு வரல்ல?"

"மருந்து எடுத்தவர்" என்றேன்.

பெருமையாகவே சொன்னேன். பத்தியம் காத்த பெண்சாதி அல்லவா. அந்தப் பிள்ளை எழுதத் தொடங்கினாள். மூன்றாம் நாள் அவர் இல்லை.

ஹில்மி டொக்டர், நீங்கள் நல்லாயிருங்கள். ஒரு மனுசனை ஆறு மாதம் சொட்டுச் சொட்டாக ஏமாற்றினீர்கள். கூலிக்கு எனக்கு நண்டு ஆக்கக் கற்றுத் தந்தீர்கள்.

யூலை 14, ஞாயிறு

உதயரூபன் நாலு நண்டு கொண்டு வந்தான். அண்ணனுடைய தோணி இப்போது அவனிடம். அண்ணனுடைய பழக்கமும் அவனிடம். பின்னேரம் நாலு மணிக்கே வாய் மணந்தது.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு அண்ணனுக்குப் பிடித்தது என்று கால் போத்தல் கொண்டு வந்தவன் இவன். பிடித்ததைப் படைக்கிறது வழமைதான். நான் அதை வாங்கிக் கிணற்றடியில் ஊற்றினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான். இன்றும் வாசலில் நின்றே கேட்டான்.

"மச்சாள், அண்ணன்ட அந்த மருந்துப் போத்தல் கிடக்கா?"

"ஏன், உனக்கும் ஈரல் கழுவோணுமா?"

"இல்ல... சும்மா. பழைய மருந்து. எறிஞ்சிருங்க."

"நான் குடிக்கிறன்."

அவன் முகம் ஒரு மாதிரியாகியது. "வேணாம் மச்சாள்" என்றான். "ஆம்பிளையளுக்குக் குடுத்த மருந்து."

ஈரலில் ஆண் ஈரல், பெண் ஈரல் இருக்கிறது என்று இன்றுதான் படித்தேன்.

ஓகஸ்ட் 4, ஆடி அமாவாசை

மகள் லீவில் வந்தாள். தகப்பனுக்காக விரதம் பிடித்தாள். அமிர்தகழிக்குப் போய் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகினோம். சனம் என்றால் சனம். தண்ணீரைவிட ஆட்கள் கூட.

படியில் ஏறும்போது வந்தது. விலாவில் தொடங்கி முதுகில் வலது தோளுக்குக் கீழே போய்க் கொழுவி இழுத்தது. குனிந்து இருந்துவிட்டேன். யாரும் என்ன என்று கேட்கவில்லை. புருசன் செத்தவள் ஒருத்தி தீர்த்தக் கரையில் குனிந்து அழுதால் காரணம் கேட்க மாட்டார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. மகள் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து பால்மா ரின்னை, அந்தத் தகர டப்பாவை, திறந்து போத்தலை எடுத்தேன். பின்னால் வந்து நின்றிருக்கிறாள்.

"அம்மா, அது அப்பாட மருந்துதானே?"

"ஓம்."

"அப்பாவச் சாகக் குடுத்த மருந்து. அத நீங்க குடிக்கிறீங்க. உங்களுக்கு விசரா?"

"விசருக்கும் நல்லமாம்."

"பகிடி விடாதீங்க. ஸ்கானுக்கு எப்ப போறீங்க?"

"போவம்."

"அப்பாவும் இப்பிடித்தான் போவம் போவம் எண்டவர். போயிட்டார்."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். நான் போத்தலை ரின்னுக்குள் வைத்து மூடினேன். அவள் பின்னேரப் பஸ்ஸுக்குப் போனதும் எடுத்தேன்.

மகளிடம் சொல்லாததைக் கொப்பியிடம் சொல்லுகிறேன். இந்த மருந்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு இம்மியும் இல்லை. ஆனால் மூடியைத் திறந்தால் அவர் மணக்கிறார். பின்னேரம் ஏழு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன புள்ள, என்ன கறி?" என்று கேட்கிற வாய். அவருடைய சட்டைகளைத் தோய்த்து மடித்துவிட்டேன், அதில் சவர்க்காரம்தான் மணக்கிறது. தலையணையில் ஒன்றுமில்லை. இந்தப் போத்தலில் மட்டும் ஆள் இருக்கிறார்.

உயிரோடு இருந்தபோது அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிப் படுத்தவள் நான்.

ஓகஸ்ட் 21

குத்து. சத்தி. பத்துச் சொட்டு. அதே பாட்டு.

செப்டெம்பர் 8, ஞாயிறு

காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி பார்த்தேன். இரண்டு கண்ணும் மஞ்சள். சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போகிறது. செங்கமாரி.

எனக்குச் சீதனமாக அம்மா இந்த வீடு தந்தாள். அவர் ஒரு பாயும் ஒரு வலையும் கொண்டு வந்தார். உங்கட பக்கத்தால என்ன வந்தது என்று இருபத்தாறு வருடம் சொல்லிக்காட்டினேன். இதோ, தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் போன வழி தெரிந்த வழிதானே. வயிறு ஊதும், கால் வீங்கும், பிறகு ஒரு நாள் ஓட்டோ. யாருக்கும் நண்டு ஆக்கத் தேவையில்லை.

தனுஷியா போன் எடுத்தாள். சுகமாக இருக்கிறேன் என்றேன். போனில் கண் தெரியாதது பெரிய வசதி.

செப்டெம்பர் 10, செவ்வாய்

தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். ஏழு சொட்டு விழுந்தது. எட்டாவது சொட்டு வாயில் தொங்கிக்கொண்டு நின்றது, விழவில்லை. தீராத போத்தல் தீர்ந்துவிட்டது. நிரப்புகிற ஆளும் இல்லை.

நாளைக்குக் காத்தான்குடிக்குப் போவேன். சுகப்படுத்த அல்ல. நிரப்ப. அப்படியே ஏசிவிட்டும் வரலாம்.

செப்டெம்பர் 11, புதன்

களுவாஞ்சிக்குடியிலிருந்து காத்தான்குடி வரைக்கும் ஏச்சை அடுக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் பாவிக்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன்.

சின்ன அறை. ஒரு மேசை, சின்னச் சின்னப் போத்தல்கள் அடுக்கிய அலுமாரி. ஹில்மி டொக்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏமாற்றுகிற முகம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் போனேனோ அப்படி இல்லை.

"இருங்க தங்கச்சி. என்ன செய்யிது?"

"எனக்கு ஒண்டும் செய்யல்ல. இத நிரப்பித் தாங்க."

அவர் போத்தலைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார்.

"பின்னால, வலது தோளுக்குக் கீழயும் குத்துமா?"

"யார் சொன்ன உங்களுக்கு?"

"கண்ணே செல்லுது. போத்தல் யாருட?"

அவருடைய பெயரைச் சொன்னேன். இப்போது இல்லை என்றும் சொன்னேன். கையிலிருந்த பேனையை வைத்துவிட்டார். பழைய கொப்பி ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"யோகராசா. போன வருஷம் செப்டெம்பர். ஒரேயொரு தரம்தான் வந்திரிக்கார்."

"ஒரு தரமா? மாசத்துக்கு மாசம் நிரப்பினவரே."

"நான் நிரப்பல்ல தங்கச்சி. ஒரு மாசத்துக்குத்தான் குடுத்தன். ஆஸ்பத்திரித் துண்டோட வந்தாத்தான் மறுகாத் தருவன் எண்டும் சென்னன். வரல்ல."

போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். உடனே மூடினார். எழும்பிப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.

"இது மருந்தில்ல. சாராயம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு உதயரூபனுடைய முகம் ஞாபகம் வந்தது. ஆம்பிளையளுக்குக் குடுத்த மருந்து. பிறகு தேக்கரண்டி, மூடி எல்லாம் வரிசையாக வந்தன. மூன்று மாதமாக நான், வெள்ளிக்கிழமை மீன் தொடாத நான், சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சாராயம் குடித்திருக்கிறேன். பத்துச் சொட்டு. அளவாக.

"அப்ப இந்தப் பத்தியம்?" போத்தலில் றப்பர் பட்டி போட்டுச் சுற்றியிருந்த கடுதாசியைக் கழற்றிக் கொடுத்தேன்.

"பத்தியமா? வெங்காயம், கோப்பியெல்லாம் நான் வாயாலதான் செல்லுறது."

விரித்தார். அவருடைய முகம் மாறியது. "இது ஏன் உங்கட கையில இரிக்கி?" என்றார்.

"வாசிங்க டொக்டர். வரி வரியா வாசிங்க."

அவரும் விரலை வைத்துத்தான் வாசித்தார்.

"ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டருக்கு எழுதினது. இவருக்கு ஈரல் நல்லாப் பழுதாகிட்டு. வயித்தில தண்ணி. குடிக்கிறவர் போல இரிக்கி, உண்மை செல்லுறாரில்ல. என்ட மருந்து இதுக்குக் காணாது. இண்டைக்கே வாட்டில படுக்க வைச்சு மறிச்சுப் பாருங்க."

"அதுக்குக் கீழ?"

"என்ட கையெழுத்து."

"நண்டு?"

"என்ன நண்டு?"

"வாவி நண்டு. கிழமைக்கு ரெண்டு தரம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடுதாசியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். வெறும் தாள். பாவம், எனக்காகத் தேடினார்.

கடுதாசியை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார், "கடுதாசிய மட்டும் குடுத்திருக்கோணும் நான். போத்தலையும் சேத்துக் குடுத்தது என்ட பிழை. போத்தல் கையில இருந்தா ஆக்கள் கடுதாசியப் பாக்கிறல்ல."

எனக்குச் சொட்டு தரவில்லை. இந்தக் கண்ணோடு வந்தால் ஒரு சொட்டும் தரமாட்டேன் என்றார். கடுதாசி எழுதினார். அதுவும் இங்கிலிஷ்.

செப்டெம்பர் 12, வியாழன்

இஞ்சாருங்க. உங்களோடதான் கதைக்கிறன். படத்துக்குள்ள இருந்து சிரிக்க வேணாம்.

நண்டு நல்லமெண்டு போட்டிருக்கா? எந்த வரியில போட்டிருக்கு? விரல வைச்சுக் காட்டுங்க பாப்பம். வாட்டில மறிக்கச் சொல்லி எழுதின இடத்தில விரல வைச்சுக்கொண்டு நண்டெண்டு வாசிச்சீங்களே, உங்களுக்கு நாக்குத் தடக்கல்லையா? நான் படிக்காதவள் எண்டு தெரிஞ்சுதானே. இங்கிலிஷ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தியக் கட்டியிருந்தா உயிரோட இருந்திருப்பீங்க. சீதன வீடு பாத்து வந்த ஆள்.

ஊசிக்குப் பயமெண்டு சொல்லியிருக்கலாமே. குடிய விட ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே. நான் என்ன செய்திருப்பன்? ஏசியிருப்பன். ஏசி ஏசி இழுத்துக்கொண்டு போயிருப்பன். அதுக்குத்தான் பயந்தீங்களா?

நண்டு தின்ன ஆசையெண்டா அதையாவது நேர கேட்டிருக்கலாம். வெங்காயம் போட்டு ஆக்கித் தந்திருப்பன்.

— ஹில்மி டொக்டர் தந்த கடுதாசியைப் பால்மா ரின்னுக்குள் போட்டு மூடினேன். வேறென்ன, அவருக்கும் எனக்கும் ஒரே ரின்.

செப்டெம்பர் 13, வெள்ளி

காலையில் குளிர்காய்ச்சல். உடம்பெல்லாம் உதறியது. ரின்னைத் திறந்தேன். போத்தல் வெறுமை. கடுதாசி மட்டும் கிடந்தது. போத்தலில் ஏதும் இருந்திருந்தால் போத்தலைத்தான் எடுத்திருப்பேன், அதை மறைக்கவில்லை.

ஒரு ஆள் வாசித்ததை நம்புகிற காலம் எனக்கு முடிந்துவிட்டது. அதனால் முதலில் நிருஷாவிடம் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டி, "ஆஸ்பத்திரிக்கு உடன போகட்டாம் மாமி" என்றாள். சந்தியில் மருந்துக் கடைப் பிள்ளையிடம் கொடுத்தேன். "உடன போங்க, பித்தக்குழாயில அடைப்பா இருக்கலாம் எண்டு எழுதியிருக்கு" என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வாத்தியாரிடம் கொடுத்தேன். அவரும் அதையே சொன்னார். "வேற ஒண்டும் இல்லையா?" என்றேன். "வேற என்ன அம்மா இருக்கோணும்?" என்றார்.

மூன்று பேரில் ஒருவரும் நண்டு வாசிக்கவில்லை. இறங்கி ஆஸ்பத்திரிக்குள் போனேன்.

செப்டெம்பர் 16, வாட்டில்

மகள் வந்துவிட்டாள். கொப்பி கேட்டேன், கொண்டு வந்திருக்கிறாள். வாசித்தாளோ தெரியாது. கண் வீங்கியிருக்கிறது, ஆனபடியால் வாசித்திருக்கிறாள்.

ஸ்கான் எடுத்தார்கள். ஊசியும் இல்லை, நோவும் இல்லை. வயிற்றில் களி பூசிப் பார்த்தார்கள். இதற்கா நாலு மாதம் ஓடினேன்? பித்தப்பையில் கல்லு. ஒரு கல்லு வழியில் போய் நின்று அடைத்திருக்கிறது.

"ஈரல்?" என்று கேட்டேன்.

"ஈரல் பழுதில்ல."

சந்தோசப்பட வேண்டும். ஆனால் முதலில் வந்தது வெட்கம். அவருடைய நோய் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். அவருடையது இல்லை. என்னுடைய சொந்தக் கல்லு.

நேர்ஸ் மிஸ் கேட்டாள், "ஏன் அம்மா முந்தி வரல்ல?"

அதே கேள்வி. அதே ஆஸ்பத்திரி.

"மருந்து எடுத்த நான் மிஸ்."

"என்ன மருந்து?"

"சாராயம். பத்துச் சொட்டு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள். எழுதிக்கொள்ளட்டும். இந்த முறை உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

பையோடு எடுத்துவிட்டார்கள். ஐந்து கல்லு. ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கையில் தந்தார்கள். பெரியது கச்சான் கடலைக் கொட்டை அளவு. இவ்வளவையும் வயிற்றில் வளர்த்துக்கொண்டு அவரைக் குடிகாரன் என்று ஏசியிருக்கிறேன்.

நவம்பர் 27

வெள்ளம். வாவி வளவுக்குள் வந்துவிட்டது. குசினிப் படியில் ஒரு நண்டு ஏறி இருக்கிறது. ஆள் இருந்த காலத்தில் இப்படித் தானாக வந்ததில்லை.

2025 சனவரி 15, மாட்டுப் பொங்கல்

உதயரூபன் வந்தான். மகளும் வீட்டில் நின்றாள். அவனைக் கதிரையில் இருத்தி, அந்தப் பழைய கடுதாசியை மகளிடம் கொடுத்து, "சித்தப்பாக்குத் தமிழில வாசி" என்றேன். வாசித்தாள். முடிய, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இது தெரியாது மச்சாள். சத்தியமா. போத்தல நிரப்பித் தாடா எண்டு கும்பிட்டுக் கேட்டார். கை அப்பிடி நடுங்கிச்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதெண்டார்."

"எனக்குத் தெரியக் கூடாதது எல்லாம் இந்த வளவில எல்லாருக்கும் தெரியும்."

"அண்ணன் கேக்கேக்க எப்பிடி மச்சாள் இல்லையெண்டுறது?"

"இல்லையெண்டுதான். ஓமை விட ஒரு எழுத்து கூட, அவ்வளவுதான். சரி, கண்ணைக் காட்டு."

காட்டினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் என்றும் சொல்ல ஏலாது, வெள்ளை என்றும் சொல்ல ஏலாது.

"நாளைக்கு ஆறரை பஸ். கிளினிக்குக்குப் போறம்."

"நான் தனியப் போறன் மச்சாள். உங்களுக்கேன் கரைச்சல்."

"நானும் வாறன். நான் வந்தாத்தான் எல்லாத்தையும் சொல்லிப்போடுவன்."

பெப்ரவரி 6

உதயரூபனை மூன்றாம் தரம் கூட்டிக்கொண்டு போனேன். ஈரல் இன்னும் தப்பலாமாம், குடியை விட்டால். விட்டுவிட்டேன் என்கிறான். நான் அந்தப் பேச்சை நம்பவில்லை. கிட்டப் போய் வாயை மணந்து பார்த்தேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 1, சனி. ஆட்டைத் திவசம்

ஐயர் கிரியை முடித்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டார். பின்னேரம் படத்தில் இருக்கிறவருக்குப் பிடித்ததைப் படைத்தோம். உதயரூபன் விடியவே ஆறு நண்டு கொண்டு வந்தான். வாவி நண்டு. வேறு ஒன்றும் கொண்டு வரவில்லை.

போத்தலை அடுப்புச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவினேன். இப்போது அதில் ஒன்றும் மணக்கவில்லை. என்னுடைய ஐந்து கல்லையும் அதற்குள் போட்டு மூடி, படத்துக்கு முன்னால் வைத்தேன். ஆட்டினால் சத்தம் கேட்கிறது.

"இதையுமா அம்மா படைக்கிற?" என்றாள் மகள்.

"ஓம். அவர் என்ன செய்தாரெண்டு எனக்குத் தெரியும். நான் என்ன செய்தனெண்டு அவருக்கும் தெரியட்டும்."

கோப்பி ஊற்றி வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன், வீடு நிறைய மணக்கட்டும் என்று. நண்டுக் கறிக்கு வெங்காயம் அரிந்தேன். ஒன்று, இரண்டு என்று தொடங்கிப் பன்னிரண்டு அரிந்துவிட்டேன். சட்டியில் நண்டைவிட வெங்காயம் கூட.

மகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, கண் சிவந்து போச்சு."

"மஞ்சள் இல்லத்தானே?"

கிட்ட வந்து, கையால் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

பதின்மூன்றாவது வெங்காயத்தை எடுத்தேன்.